குருதிக் கலங்களை ஒவ்வொன்றாகக் காணும் கருவி

"இரத்த மாதிரியை ஃபுளோ சைற்றோமெற்றிக்கு அனுப்பியுள்ளோம்" என்று வைத்தியர் கூறும்போது, நம்மவருட் பலர் தலையசைத்துவிட்டு வெளியே வந்து, அதன் பொருளைப் பிள்ளையிடம் கேட்கின்றனர். நோர்வேஜிய மொழியில் வல்ல பிள்ளைக்கும் அது புதுச்சொல்லே. பெயர் அச்சமூட்டினும், அதன் அடிப்படை எட்டாம் வகுப்பு மாணவருக்கும் விளங்கக்கூடியது. தமிழில் இதனைக் 'கல ஓட்ட அளவியல்' என்று வழங்கலாம்.

வகுப்பொன்றின் சராசரிப் புள்ளி 60 என்று கேட்ட அதிபர் மகிழ்வார். அவ்வகுப்பில் 10 புள்ளி பெற்ற பிள்ளையொன்று இருப்பதை அந்தச் சராசரி காட்டாது. குருதியும் அத்தகையதே. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 50 இலட்சம் செங்குழியங்களும் சில ஆயிரம் வெண்குழியங்களும் உள்ளன. நுணுக்குக்காட்டியின் கீழ்க் கண்ணால் எண்ணி வகைபிரிக்கப்படுவன வழக்கமாக 100 அல்லது 200 வெண்குழியங்களே. பத்தாயிரத்தில் ஒன்றாக மறைந்திருக்கும் நோய்க்கலம் அவ்வெண்ணிக்கையில் அகப்படாமற் போகவே வாய்ப்பு மிகுதி.

ஆதலால் கலங்களை ஒவ்வொன்றாக வரச் செய்தல் வேண்டும். கலங்கள் மிதக்கும் மெல்லிய திரவ ஓட்டத்தைச் சுற்றி, தூய திரவமொன்று அதனிலும் விரைவாகப் பாய்ச்சப்படுகின்றது. இரு வேலிகளுக்கு நடுவேயுள்ள ஒடுங்கிய ஒழுங்கையில் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதை ஊரிற் கண்டிருக்கின்றோம். இங்கே வேலியும் நீரே! இவ்வாறு வரும் கலங்கள் லேசர் ஒளிக்கற்றையைக் கடக்கின்றன. முன்புறமாகச் சிதறும் ஒளி கலத்தின் பருமனையும், பக்கவாட்டிற் சிதறும் ஒளி அதனுள்ளிருக்கும் மணியுருக்களின் செறிவையும் உணர்த்தும். ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான கலங்கள் இங்ஙனம் அளக்கப்படுகின்றன.

பருமன் மட்டும் போதாது. ஒவ்வொரு வகைக் கலத்தின் மேற்பரப்பிலும் அதனை அடையாளங் காட்டும் புரதங்கள் உண்டு. அவற்றைத் தேடிப் பற்றும் பிறபொருளெதிரிகளோடு, ஒளிரும் சாயங்களைப் பிணைத்து முன்னரே கலந்துவிடுவர். இல்ல விளையாட்டுப் போட்டியிற் சட்டையின் நிறங்கண்டு மாணவர் எந்த இல்லத்தவர் என அறிவதுபோல, கலம் உமிழும் நிறங்களைக் கண்டு அதன் இனத்தைக் கருவி அறிகின்றது. திரையில் ஒவ்வொரு கலமும் ஒரு புள்ளியாகத் தோன்றும். அப்புள்ளிக் கூட்டங்களை வாசித்துப் பொருள் கூறுபவர் பயிற்சி பெற்ற மனிதரே.

இத்துறையில் நோர்வேக்கும் சிறப்பான பங்குண்டு. 1970களில் இக்கருவிகளுட் பல, பெரிய லேசர்களைக் கொண்டு மிகுந்த விலையினவாக இருந்தன. ஒஸ்லோவிலுள்ள றேடியம் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹரால்ட் ஸ்தேன், தூரே லிண்ட்மோ ஆகிய இருவரும், புளோரொளிர்வு நுணுக்குக்காட்டியையும் வில்விளக்கையும் கொண்டே இத்தகைய கருவியை அமைத்துக் காட்டினர். 1979இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த அவர்தம் கட்டுரையின் தலைப்பு, அதனை 'எல்லோருக்குமான' கருவி என்று குறிப்பிட்டது. ஆய்வுக் கட்டுரைத் தலைப்புகளுள் நாம் பெரிதும் விரும்புவது இதுவே. கலங்களைப் பிரித்தெடுக்க உதவும் காந்த நுண்மணிகளும் இந்நாட்டவை. 1976இல் துரொண்ட்ஹைமில் யோன் ஊகெல்ஸ்தாட் உருவாக்கிய ஒரே அளவான மணிகளின் வழிவந்த அவை, இன்று நம் அயலூரான லில்லெஸ்த்ரோமில் உற்பத்தியாகின்றன.

சிறுவரைத் தாக்கும் வெண்குருதிப் புற்றுநோயில் இவ்வளவீட்டின் அருமை புலப்படும். 2008 முதல் நோர்டிக் நாடுகள் பின்பற்றிய பொதுச் சிகிச்சைத் திட்டமொன்றில், சிகிச்சை தொடங்கிய 29ஆம் நாள் என்பு மச்சை சோதிக்கப்பட்டது. எஞ்சிய நோய்க்கலங்கள் 1,000 கலங்களுக்கு ஒன்று என்னும் அளவை எட்டியிருந்தாற் சிகிச்சை கடுமையாக்கப்பட்டது. 'பி' வகை நோயில் அவ்வெண்ணிக்கையைத் தந்தது பெரும்பாலும் இம்முறையே. நுணுக்குக்காட்டியில் நோய் நீங்கியதுபோற் தோன்றும் பிள்ளைக்கு மேலும் கடும் மருந்து ஏன் என்று கலங்கும் தாய்க்கு விடை இங்குண்டு.

அவ்விடையைத் தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்வது அவருடைய மற்றப் பிள்ளையின் பணியன்று. 2022 சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த நோர்வே மொழிபெயர்ப்பாளர் சட்டம், சில விலக்குகள் தவிர, சிறுவரை அப்பணிக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றது. தகுதியான மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். அவர் அருகிலிருக்கையில் வைத்தியரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு: எத்தனை கலங்களை எண்ணினீர்கள்? அவற்றுள் நோயுற்றவை எத்தனை?