கிளட்ச் மாற்றும்போது ஃப்ளைவீலையும் பாருங்க

சீசன்ல கடையத்துல இருந்து குற்றாலம் போற கார், தென்காசி நெரிசல்ல ஹாஃப் கிளட்ச்லயே ஊர்ந்து போகும். கிளட்ச் தட்டு தேயறது இப்படித்தான். அந்தச் சூடு ஃப்ளைவீலுக்கும் ஏறும். அதனால கியர்பாக்ஸை இறக்கின அன்னைக்கே ஃப்ளைவீலையும் பார்த்துடணும். விட்டுட்டா இன்னொரு தடவை இறக்குகூலி.

பெட்ரோல் சின்ன கார்கள்ல பெரும்பாலும் ஒரே துண்டு இரும்பு. லேசா கோடு விழுந்திருந்தா, கம்பெனி சொன்ன அளவுக்குள்ள லேத்துல முகம் எடுக்கலாம். விரிசல்னா மாத்தியே ஆகணும்.

நிறைய டீசல் கார்கள்ல இருக்கிறது டூயல் மாஸ்: இரண்டு தட்டு, நடுவுல ஸ்பிரிங். 1985-ல் இதைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்தது ஜெர்மனியின் லூக் நிறுவனம் (நம்ம ஓசூர்லயும் அவங்களுக்கு ஆலை உண்டு). கையால திருப்பிப் பாருங்க. கம்பெனி அளவைத் தாண்டி ஆடினாலோ, கிரீஸ் கசிஞ்சாலோ புதுசுதான்.

விலையைக் கேட்டதும், "சாலிட் போட்டுருவோமா?"ன்னு மெக்கானிக் அண்ணாச்சி கேட்பார். போடலாம். ஆனா டூயல் மாஸுக்கான கிளட்ச் தட்டுல பொதுவா ஸ்பிரிங் இருக்காது. அதே தட்டை சாலிட்கூட மாட்டினா எஞ்சின் அதிர்வு நேரா கியர்பாக்ஸுக்குப் போகும். ஸ்பிரிங் வச்ச தட்டோட முழு கிட்டா வாங்கணும். அப்பவும் ஐடில்ல கடகட சத்தம் வரலாம். என் ஓட்டு டூயல் மாஸுக்கே. சேசிஸ் நம்பர் சொல்லி வாங்குங்க, போல்ட்டும் சேர்த்து.