செம்மறியின் இரத்தத்தில் உண்ணி நோயைக் கண்டறிதல்

பயிர்த்தொழில் கற்பிப்பவனுக்கு ஆட்டு நோயில் என்ன வேலை என்று உழவர்கள் கேட்கலாம். கோடையில் தரிசு வயலில் ஆட்டுக்கிடை போடுகிற இடங்களுக்கு நான் அடிக்கடி போகிறேன். கிடை ஊர் ஊராக நகரும்போது எருவை மட்டும் விட்டுச் செல்வதில்லை. உண்ணிகளையும் விட்டுச் செல்கிறது, வேறு மந்தையின் உண்ணிகளை ஏற்றியும் கொள்கிறது.

செங்கற்பட்டுப் பக்கம் மெட்ராஸ் ரெட் செம்மறிகள் வளர்க்கும் உறவினர் ஒருவர் சென்ற கோடையில் மயிலாப்பூரில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். எனக்கு அண்ணன் முறை. நான்கு ஆடுகள் செத்துவிட்டன. “கண் வெளுத்துப் போச்சு தம்பி, குடற்புழு மருந்து ரெண்டு தடவை கொடுத்தாச்சு” என்றார். காய்ச்சல் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை.

வெளுத்த கண்ணுக்கு நம்மவர்கள் உடனே குடற்புழுவைத்தான் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் குடற்புழு நோயில் பொதுவாகக் காய்ச்சல் இராது. தாடையின் கீழ் நீர் கோத்த வீக்கம் தென்படும். உண்ணி பரப்பும் இரத்த நோயில் முதலில் வருவது காய்ச்சல். நலமான செம்மறிக்கு ஏறத்தாழ 102 முதல் 103 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் இருக்கும். நிழலில் ஓய்வாக நின்ற ஆட்டுக்கு ஆசனவாயில் வெப்பமானி வைத்து 105-க்கு மேல் காட்டினால் ஐயப்படுங்கள். வெயிலில் ஓடிவந்த ஆட்டை அளந்தால் கணக்குத் தவறும்.

இந்நோய்கள் முக்கியமாக மூன்று. பபேசியா சிவப்பணுக்களை இரத்தக் குழாய்க்குள்ளேயே உடைப்பதால் சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கும். அனாபிளாஸ்மாவில் சிவப்பணுக்கள் மண்ணீரல் போன்ற உறுப்புகளில் அழிவதால் சிறுநீர் சிவக்காது. வெளுப்பும் சில ஆடுகளில் கண் மஞ்சளும் தெரியும். தைலீரியாவில் தோள்பட்டைக்கு முன்னால் உள்ள நிணநீர்க் கட்டி வீங்கும். இருபுறமும் விரலால் தடவி ஒப்பிடலாம். சீனாவில் முதலில் விவரிக்கப்பட்ட தைலீரியா லுவென்ஷுனி என்ற வகை இந்தியச் செம்மறிகளிலும் கண்டறியப்பட்டுள்ளது. சிவந்த சிறுநீருக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆகவே அறிகுறி வழிகாட்டுமே தவிர, தீர்ப்புச் சொல்லாது.

தீர்ப்பு இரத்தப் பூச்சில் இருக்கிறது. காய்ச்சல் உள்ளபோதே, எந்த ஊசியும் போடும் முன்னரே இதை எடுக்கச் செய்ய வேண்டும். காதின் ஓர மயிரைக் கத்தரித்து, துடைத்து, உலர்ந்தபின் சிறு நரம்பைக் குத்தி, முதலில் வரும் ஒரு சிறு துளியைச் சுத்தமான கண்ணாடி வில்லையின் ஒரு முனையில் இட வேண்டும். இன்னொரு வில்லையைச் சாய்வாகத் துளியில் தொடவைத்து, துளி விளிம்பில் பரவியதும் ஒரே வீச்சில் முன்னே தள்ள வேண்டும். பூச்சு மெல்லியதாக இருந்து, நுனி இறகு போல் முடிய வேண்டும். துளி பெரிதானால் பூச்சு தடித்து ஒன்றும் தெரியாது. இதைக் கால்நடை உதவி மருத்துவரோ பயிற்சி பெற்றவரோ செய்வது நல்லது.

என் உறவினரும் இரண்டு வில்லைகள் கொண்டுவந்திருந்தார். ஈரம் காயும் முன்னரே செய்தித்தாளில் சுற்றியதால் ஒன்று தாளோடு ஒட்டி உரிந்துவிட்டது. மற்றதை ஈக்கள் நக்கியிருந்தன. மறுநாள் ஊர் மருத்துவரைக் கொண்டு புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இரவில் ஐந்தாவது ஆடும் போயிற்று. வில்லையைக் காற்றில் அசைத்து முழுதும் உலர்த்தி, ஆட்டின் அடையாளத்தையும் தேதியையும் பென்சிலால் எழுதி, ஈ எறும்பு அண்டாத பெட்டியில் வையுங்கள்.

சோதனைக்கூடத்தில் மீத்தைல் ஆல்கஹாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவில் இரட்டையாக இருந்தால் பபேசியா. பெரும்பாலும் ஓரத்தில் அடர்ந்த புள்ளியாக இருந்தால் அனாபிளாஸ்மா. என் உறவினரின் ஆட்டில் இருந்தது இந்தப் புள்ளிதான். சென்னையில் வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முதலில் கேட்கலாம்.

நோய் தணிந்த ஆட்டில் கிருமி மிகக் குறைவாகத் தங்கியிருக்கும், பூச்சில் அகப்படாது. அதைப் பி.சி.ஆர். சோதனை கண்டுபிடிக்கும், அதற்கு உறையாத இரத்தம் குழாயில் வேண்டும். ஆனால் பி.சி.ஆரில் கிருமி தெரிந்த ஆடெல்லாம் நோயாளி அன்று. துள்ளித் திரியும் ஆட்டுக்கு முடிவுச் சீட்டைப் பார்த்து ஊசி போடுவது வீண் செலவு என்பது என் எண்ணம்.

பெயர் தெரியாமல் மருந்து வாங்காதீர்கள். அனாபிளாஸ்மாவுக்கு டெட்ராசைக்ளின் வகை பயன்படும். அது பபேசியாவுக்குப் போதாது. அளவையும், கறிக்கு விற்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

உண்ணி மாட்டுக் காய்ச்சலைப் பரப்புகிறது என்று அமெரிக்காவில் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் நிறுவினார்கள். நம் வேலையும் உண்ணியைத் தேடுவதுதான்: காதின் உட்புறம், கண்ணிமை, அக்குள், தொடை இடுக்கு, வாலடி, குளம்பிடை. பிடுங்கியதை நகத்தால் நசுக்காமல், கையுறையிட்டு எடுத்து மண்ணெண்ணெயில் போடுங்கள். சில உண்ணிகள் மனிதருக்கும் கொடிய காய்ச்சலைக் கொடுக்கும். சந்தையில் வாங்கிய ஆட்டை மந்தையில் சேர்க்குமுன் மூன்று வாரம் தனியே கட்டி, வெப்பம் பார்த்து வாருங்கள். என் உறவினர் இப்போது பட்டிக் கதவருகே வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.