மழைக்கு வீட்டு சுவரில் ஏறும் நத்தை: தொடலாமா, கூடாதா? பிள்ளைகளுக்கு பெற்றோர் சொல்ல வேண்டியது என்ன?

மழை விட்டதும் சுவரிலும் வாழை மரத்திலும் நத்தைகள் ஊர்ந்து வருகின்றன. அதை கையில் எடுத்து விளையாட பிள்ளைகள் ஓடுகிறார்கள். "சீ.. தொடாதே" என்று அதட்டி விட்டு பெற்றோர் அடுத்த வேலையை பார்க்கிறார்கள். ஏன் தொடக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை.

எல்லா நத்தையும் எதிரி இல்லை. வயலில் கிடக்கும் உருண்டையான நத்தைக்கு வாயில் மூடி உண்டு. தொட்டால் "டக்"கென்று கதவை சாத்திக் கொள்ளும். அதை நம்பித்தான் நத்தைகுத்தி நாரை பிழைக்கிறது. வேடந்தாங்கலில் கூடு கட்டுமே, அதே நாரைதான். மின்மினி பூச்சியின் புழுவுக்கும் நத்தைதான் சாப்பாடு. நத்தை போனால் மின்மினியும் போச்சு.

வில்லன் வேறு ஆள். கூம்பு மாதிரி நீண்ட ஓடு, பழுப்பு கோடு, உள்ளங்கை நீளம். அதுதான் ஆப்பிரிக்க ராட்சத நத்தை. இதற்கு மூடி கிடையாது. 1847-ல் வில்லியம் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீசியசில் இருந்து கொல்கத்தா தோட்டத்துக்கு கொண்டு வந்து விட்டார். அந்த வினை இப்போது தமிழகம், கேரளா வரை வந்து நிற்கிறது.

ஒரே நத்தைக்குள் ஆணும் பெண்ணும் இருப்பதால் எல்லாமே முட்டையிடும். ஒரு தடவைக்கு 200 முட்டை வரை! வாழை, பப்பாளி, காய்கறி எதையும் விடாது. ஓடு வளர சுண்ணாம்பு சத்து வேண்டுமே, அதற்காக வெள்ளையடித்த சுவரையும் சுரண்டி தின்னும்.

ஆபத்து எலியிடம் இருந்து தொடங்குகிறது. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகை புழுவின் குஞ்சுகள் எலி கழிவில் வெளியே வரும். அதை நத்தை தின்னும். நத்தையை தொட்ட கையை பிள்ளை வாயில் வைத்தாலோ, கழுவாத கீரையோடு குட்டி நத்தை வயிற்றுக்குள் போனாலோ புழு மூளை வரை போய்விடும். கடும் தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு வரும். மருந்து என்று சொல்லி நத்தையை பச்சையாக கொடுப்பது இன்னும் மோசம்.

அதற்காக பிள்ளைகள் நத்தையை பார்க்கவே கூடாதா? தாராளமாக பார்க்கலாம். கண்ணாடி பாட்டிலில் விட்டு, வெளியில் இருந்து பார்க்கட்டும். நீள கொம்பின் நுனியில் கண், ஒற்றை காலால் நடை, எல்லாம் தெரியும். பார்த்து முடித்ததும் சோப்பு போட்டு கை கழுவணும்.

ராட்சத நத்தையை ஒழிக்க நனைந்த சாக்குக்குள் பப்பாளி இலை, முட்டைகோஸ் இலை போட்டு இரவில் தோட்டத்தில் வையுங்கள். காலையில் உள்ளே கூட்டமாக இருக்கும். கையுறையோ பாலிதீன் பையோ மாட்டிக் கொண்டு பெரியவர்கள் எடுத்து, உப்பு தண்ணீர் வாளியில் போட்டு பிறகு குழி தோண்டி புதைக்கலாம். உப்பை நேராக செடி அடியில் கொட்டினால் நத்தையோடு செடியும் காலி.