கடற்கரையைக் கூட்டினால் மட்டும் போதுமா? திருகோணமலை விடுதிகளும் பிளாஸ்டிக் கழிவும்

திருகோணமலையில் சுற்றுலாப் பருவம் நெருங்கும்போதே கடற்கரைச் சிரமதானங்களும் தொடங்கிவிடும். விடுதி ஊழியர்கள், பாடசாலை மாணவர்கள், சபைத் தொழிலாளர்கள் என்று பலரும் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் கையுறையோடு இறங்குவார்கள். மதியத்துக்குள் பைகள் நிரம்பிவிடும். சில வாரங்களில் அதே கரையில் அதே மாதிரியான போத்தல்கள் மீண்டும் கிடக்கும். லிங்கநகரில் இருந்து உட்துறைமுகப் பக்கம் நடக்கும்போதும் நான் காண்பது இதைத்தான். சிரமதானம் வீண் என்று சொல்ல வரவில்லை. அது மட்டும் ஏன் போதாது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

கழிவு எங்கிருந்து வருகிறது?

ஒரு பங்கு கடல் கொண்டுவருவது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவின் அலைகள் அறுந்த வலை, மிதவை, செருப்பு, போத்தல் எல்லாவற்றையும் எங்கள் கரையில் தள்ளுகின்றன. கப்பல் விபத்துகளும் உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் மணிகள் ஜூன் மாதமே மன்னார்க் கரையைத் தொட்டன. இவற்றை எந்த விடுதியாலும் தடுக்க முடியாது.

மற்றப் பங்கு நாங்கள் போடுவது. வீட்டிலும் கடையிலும் விடுதியிலும் வீசப்படுவது வாய்க்கால் வழியாக மழையோடு கடலுக்குப் போகிறது. விடுதிகள் கைவைக்கக்கூடிய பங்கு இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2021 மார்ச் 31 முதல் 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட ஷாம்பு போன்ற சஷேக்களுக்குத் தடை. உணவும் மருந்தும் இதில் அடங்கா. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கோப்பை, தட்டு, கரண்டி, பூமாலை, இடியப்பத் தட்டு ஆகியவையும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. ஆனால் குடிநீர்ப் போத்தல் இந்தப் பட்டியலில் இல்லை. விடுதிகளில் ஆகக் கூடுதலாகச் சேருவதும் அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

பத்து அறை உள்ள விருந்தினர் விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறைக்கு நாளொன்றுக்கு இரண்டு போத்தல் என்றால் 20 போத்தல். எங்கள் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. எல்லா அறையும் நிரம்பினால் 150 நாட்களில் 3,000 போத்தல். அதற்குப் பதிலாக முற்றத்தில் ஒரு வடிகட்டியோ பெரிய தண்ணீர்க் கலனோ வைத்து, அறைகளுக்குக் கண்ணாடிப் போத்தலில் நீர் கொடுக்கலாம். தொடக்கத்தில் செலவு வரும், பிறகு போத்தல் வாங்கும் காசு மிஞ்சும். குளியலறையில் சிறு ஷாம்புப் போத்தல்களுக்குப் பதில் சுவரில் பொருத்திய, மீள நிரப்பும் கலன். காலைச் சாப்பாட்டில் ஜாம், பட்டர் பொதிகளுக்குப் பதில் சிறு கிண்ணம். புறாத்தீவுக்குப் போகும் பயணிகளுக்கு வாழையிலைப் பார்சலும் மீள நிரப்பும் போத்தலும் கொடுத்தனுப்பலாம். முருகைக்கல் பாறைகள் உள்ள அந்தத் தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கே விழும் ஒரு பையும் நேராகக் கடலுக்குள்தான்.

அறுகம்குடா அனுபவம்

கிழக்கிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பொத்துவில் அறுகம்குடாவில் 'வேஸ்ட் லெஸ் அறுகம்பே' என்ற முயற்சி விடுதிகளையும் உணவகங்களையும் இணைத்து பெட் போத்தல்களைச் சேகரித்தது. சுற்றுலாப் பயணிகள் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் இடங்களையும் அமைத்தது. பழைய அரிசிப் பைகளில் இருந்து பொருட்கள் தைக்கும் 'ரைஸ் அன்ட் கெரி' என்ற சமூகத் தொழில்முயற்சி இதன் பின்னால் நின்றது. சேகரிப்பது, குறைப்பது, மீள்பாவிப்பது மூன்றும் ஒன்றாக நடந்தது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

சேர்த்த கழிவு எங்கே போகிறது?

சிரமதானப் படங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் இருப்பதில்லை. அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டில் உள்ள குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று, எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. கடலாமையைக் காப்பாற்றக் கரையில் பொறுக்கியது காட்டில் யானையின் வயிற்றுக்குள் போனால் பயன் என்ன?

பெட் போத்தலை நூலாக்கும் தொழிற்சாலை ஹொரணையில் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டு மிச்சம் பட்ட போத்தலுக்கு விலை குறைவு. அமுக்கிக் கட்டாமல் ஏற்றினால் லொறி காற்றைத்தான் சுமந்துகொண்டு போகும். ஆகவே விடுதிச் சமையலறையிலேயே தரம் பிரிக்க வேண்டும். அமுக்கும் இயந்திரம் ஒரு விடுதிக்குக் கட்டுப்படியாகாது, பத்து விடுதி சேர்ந்தால் முடியும். உப்புவெளி பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள்ளும் நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்குள்ளும் வருகின்றன. கரை ஒன்று, சபை இரண்டு. இரண்டும் ஒரே அட்டவணையில் கழிவு எடுக்காவிட்டால் எல்லையில் குப்பை தேங்கும்.

இதில் எங்களுக்கு என்ன?

போர்க் காலத்தில் இந்தக் கடலுக்குள் இறங்கவே அனுமதி தேவைப்பட்டது. சுனாமியும் போரும் கடந்து கரைக்குத் திரும்பியவர்களுக்குக் கடற்கரை என்பது அழகு பார்க்கும் இடம் மட்டுமல்ல. கரைவலை இழுப்பவருக்கு வலையில் ஏறும் பொலித்தீன் அன்றைய உழைப்பில் விழும் அடி. கரையைச் சுத்தமாக வைப்பது என்ற பெயரில் அவர்களுடைய வாடிகளையும் வள்ளங்களையும் ஒதுக்கும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. திட்டம் பேசும் மேசையில் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் ஒரு கதிரை இருக்க வேண்டும்.

இதில் வேலைவாய்ப்பும் இருக்கிறது. பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு போன இடத்தில் பிரம்புத் தட்டும் ஈர்க்குத் தட்டும் வரலாம். பிளாஸ்டிக் கூடைக்குப் பதில் பனையோலைப் பெட்டி வரலாம். 2006இல் சம்பூர், மூதூர் கிழக்கில் இருந்து இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிய குடும்பங்களில் பெண்கள் தனியாகச் சுமப்பவை பல. கண்காட்சியில் ஒரு நாள் வாங்குவது அவர்களுக்கு உதவாது. பருவம் முழுவதற்கும் இத்தனை என்று விடுதிகள் முன்கூட்டியே ஓடர் கொடுத்தால் அது மாத வருமானம்.

அடுத்த சிரமதானத்துக்கு அழைப்பு வந்தால் போவோம். போகும்போது அழைத்த விடுதியிடம் மூன்று கேள்வி கேட்போம்: போன பருவத்தில் எத்தனை போத்தல் வாங்கினீர்கள், இந்தப் பருவத்தில் எத்தனை, இன்று சேர்க்கும் பைகள் எங்கே போகின்றன?