வேண்டியவர் என்றால் விதி வேறா?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் தமிழர்களில் தலைமைக் குமாஸ்தாவாகவும் மேஸ்திரியாகவும் உயர்ந்தவர்கள் உண்டு. நேற்றுவரை கூட இருந்து வேலை செய்தவரை இன்று கண்டிக்க நேரும். கண்டித்தால் மனஸ்தாபம், விட்டால் வேலை கெடும்.

இந்த எல்லையில் நடந்த சம்பவம் ஒன்று இதற்கு வழிகாட்டும்.

1954 ஆகஸ்ட் 11-ந் தேதி. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரிப் போராடியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டனர். பலர் உயிரிழந்தனர். அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் பிரஜா சோஷலிஸ்ட் மந்திரிசபை இருந்தது. அதே கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்று அவரே கேட்டார்! பட்டம் விலகவில்லை. கட்சியில் பலருக்கும் லோகியா மீது வருத்தம். பிளவு முற்றி, 1955 இறுதியில் அவர் தனிக் கட்சி கண்டார்.

பிறர் ஆட்சியில் சுட்டால் கண்டிப்பது, நம் ஆட்சியில் சுட்டால் மௌனமா என்பதே அவரது கேள்வி. அலுவலகத்திலும் அதே கேள்விதான். நண்பர் தாமதமாக வந்தாலும் ஆஜர்ப் பட்டியலில் ஒரே குறிப்பு இருக்கட்டும். காரணத்தை முதலில் கேளுங்கள். தவறைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். பாராட்டைப் பலர் முன்னால் சொல்லுங்கள்.

சிலர் சில நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் தமக்கு ஒரு அநியாயம் நேர்ந்தால், அவர்களும் உங்களிடம்தான் வருவார்கள்.