அபினும் மூளையும்

கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் உலர்ந்து இறுகியதே அபின். அதிலுள்ள மார்பின் என்னும் பொருள் நோவைத் தணிக்கும் நன்மருந்து. களிப்புக் கருதி உண்பார்க்கோ அதுவே நஞ்சாகும். அஃது எங்ஙனம் எனக் காண்போம்.

மூளையின் நரம்பணுக்களில் மார்பினை ஏற்கும் பூட்டுப் போன்ற ஏற்பிகள் உள்ளன என்பதை, 1973-இல் அமெரிக்க நாட்டில் ஸ்னைடர், பெர்ட் என்னும் அறிஞர் மெய்ப்பித்தனர். செடியின் பாலுக்கென மனித மூளையில் பூட்டு அமைந்தது ஏன்? 1975-இல் ஸ்காட்லாந்து நாட்டில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்போர் விடை கண்டனர். நோவைத் தணிக்கும் என்கெபலின் என்னும் பொருளை மூளை தானே சுரக்கின்றது. பூட்டு அதற்கு உரியது; மார்பின் கள்ளத் திறவுகோலே.

அக்கள்ளத் திறவுகோல் புகுந்ததும், வேட்கையைத் தூண்டும் டோபமின் என்னும் பொருள் அளவிறந்து பெருகும். நாளடைவில் ஏற்பிகள் மழுங்கும். பழைய அளவு போதாது. நிறுத்தினாலோ உடல் நடுங்கும், வயிறு புரட்டும், உறக்கம் ஒழியும். அளவு மிகுந்தால் மூச்சை இயக்கும் மூளைப்பகுதி ஒடுங்க, உயிரும் நீங்கும்.

களிப்பிற்காகத் தொட்டவன் பின்னர்த் துன்பம் தவிர்க்கவே உண்கிறான். இஃது ஒரு நோய். இதற்கு மருத்துவமும் உண்டு. ஆதலின் அவனைப் பழித்தல் தகாது. மருத்துவரிடம் சேர்ப்பித்தலே அறம். தொடாதிருத்தலோ அதனினும் நன்று.