கேள்விக்குப் பிறகு மூன்று நொடி

“பச்சைத் தாவரங்கள் தங்களுக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரிக்கும் முறைக்குப் பெயர் ஒளிச்சேர்க்…” என்று ஆசிரியர் இழுப்பார். “கை!” என்று வகுப்பே சேர்ந்து முடித்துவைக்கும். “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது சார்!” தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எவருக்கும் இந்த ராகம் மறந்திருக்காது. கேட்டவருக்குத் திருப்தி, சொன்னவர்களுக்கும் திருப்தி. கடைசி பெஞ்சில் வாயை மட்டும் அசைத்தவனும் தப்பித்துக்கொண்டான். கேட்ட இரண்டுக்கும் விடை வந்துவிட்டது. யாருக்கு என்ன தெரியும் என்பதுதான் ஆசிரியருக்குத் தெரியவில்லை.

இதே பாடத்தில் இன்னொன்றும் கேட்கலாம். கடுகைப் போன்ற ஒரு விதை, டன் கணக்கில் எடையுள்ள ஆலமரமாகிறது. அந்த எடை எங்கிருந்து வந்தது? “மண்ணிலிருந்து” என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பதில். அப்போது பிரஸ்ஸல்ஸ் நகரத்து வான் ஹெல்மான்ட்டின் கதையைச் சொல்லலாம். 17ஆம் நூற்றாண்டில் அவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். மண் இல்லையென்றால் எடைக்குக் காரணம் தண்ணீர்தான் என்று முடிவுகட்டினார். அவரும் பாதி தவறினார். மரத்தின் உலர் எடையில் பெரும்பங்கு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. 1990களில் எடுக்கப்பட்ட ஓர் அமெரிக்க ஆவணப்படத்தில், ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் பட்டம் பெற்றவர்களிடம் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். ‘காற்றிலிருந்து’ என்ற விடை அவர்களிடமிருந்தும் எளிதில் வரவில்லை. ஒளிச்சேர்க்கை என்ற பெயர் அவர்களுக்கும் தெரிந்ததுதான்.

நல்ல கேள்வி அகப்பட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் நம் பி.எட். படிப்பில் ஊறியிருக்கிறது. பெஞ்சமின் புளூமும் அவருடைய கூட்டாளிகளும் 1956இல் வகுத்த ஆறு படிகளை வைத்துக்கொண்டு, பாடத்திட்ட நோட்டில் ‘அறிதல்’, ‘புரிதல்’, ‘பகுத்தாய்தல்’ என்று கட்டம் போட்டு நிரப்புகிறார்கள். இந்தக் கட்டங்கள்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ‘ஏன்’ என்று தொடங்கினால் உயர்நிலை வினா என்கிறார்கள். அந்த ‘ஏன்’ புத்தகத்தின் பின்பக்கத்திலும் அதன் விடை நோட்ஸிலும் இருந்தால், அதுவும் மனப்பாடம்தான். கேள்வியின் தரம் அது கேட்கப்பட்ட பிறகு வரும் சில நொடிகளில்தான் தெரியும்.

அந்த நொடிகளை அளந்து பார்த்தவர் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர். தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளில் பதிவுசெய்த முந்நூறுக்கும் மேற்பட்ட ஒலிநாடாக்களை ஆராய்ந்து, 1974இல் முடிவுகளை வெளியிட்டார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரே ஒரு நொடி. அதற்குள் பிள்ளை வாய் திறக்காவிட்டால், அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பார்கள், மாற்றிக் கேட்பார்கள், அல்லது அடுத்த பிள்ளைக்குத் தாவுவார்கள். இன்னொரு இடைவெளியையும் அவர் அளந்தார். பிள்ளை பதில் சொல்லி நிறுத்தியதற்கும் ஆசிரியர் பேசத் தொடங்கியதற்கும் நடுவில் இருந்தது 0.9 நொடி. ஒரு வாக்கியம் சொல்லி, அடுத்ததை யோசிக்க மூச்சு வாங்கும் நேரத்தில் ஆசிரியர் புகுந்துவிடுகிறார்.

பிறகு ஆசிரியர்களைப் பழக்கி, இந்த இடைவெளிகளை மூன்று முதல் ஐந்து நொடியாக நீட்டச் சொன்னார். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட நாடாக்களில் மாற்றம் தெரிந்தது. பதில்கள் நீண்டன. பதிலே வராத தருணங்கள் குறைந்தன. ‘ஒருவேளை இப்படி இருக்குமோ’ என்ற ஊகங்கள் வந்தன. பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்டார்கள். படிப்பில் மந்தம் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பேசத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குக் காத்திருந்த நேரத்தைவிடப் படிக்காத பிள்ளைக்குக் குறைவாகவே காத்திருந்தார்கள் என்பதும் ரோ கண்டதுதான். யோசிக்க அதிக நேரம் தேவைப்பட்டவருக்குத்தான் குறைந்த நேரம் கிடைத்தது.

“நீங்க சொல்றீங்க, போர்ஷனை யார் முடிக்கிறது?” என்று ஆசிரியர் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான எரிச்சல்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பீரியடில் இருபது கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று நொடி கூடுதலாகக் காத்திருந்தால் மொத்தம் ஒரு நிமிடம் ஆகிறது. வருகைப்பதிவு எடுக்கவே அதைவிட அதிக நேரம் போகிறது. எல்லாவற்றுக்கும் காத்திருக்கவும் வேண்டாம். ஏழெட்டு எவ்வளவு என்பதற்கு மூன்று நொடி மௌனம் வீண். அது தெரியும், அல்லது தெரியாது.

காத்திருப்பதோடு பெயர் சொல்லும் இடத்தையும் மாற்ற வேண்டும். “முருகேசன், மரத்துக்கு எடை எங்கிருந்து வந்தது?” என்று தொடங்கினால், பெயர் விழுந்த கணமே மற்ற நாற்பது பேரும் ஓய்வெடுத்துக்கொள்வார்கள். கேள்வி முதலில், மௌனம் அடுத்து, பெயர் கடைசியில். அந்தப் பெயரும் எப்போதும் கை தூக்கும் நாலு பேருடையதாக இருக்கக் கூடாது. பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கலாம்.

தவறான விடை வந்தால் என்ன செய்வது? பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில், இரண்டடிப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பை இரட்டிப்பாக்க எவ்வளவு பக்கம் வேண்டும் என்று ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரட்டீஸ் கேட்கிறார். நான்கடி என்கிறான் சிறுவன். தப்பு என்று சொல்லாமல் அவர் படம் வரைந்து காட்டுகிறார். எட்டுக்குப் பதில் பதினாறு வருவதை அவனே பார்க்கிறான். மூன்றடி என்கிறான். ஒன்பது வருகிறது. இப்போது தெரியவில்லை என்கிறான். உண்மையைச் சொன்னால், அந்த உரையாடலின் பிற்பகுதியில் சிறுவன் பெரும்பாலும் ‘ஆமாம்’ போடுகிறான். நம் ‘ஒளிச்சேர்க்…கை’க்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. ஆனால் இரண்டு தவறான விடைகளையும் சாக்ரட்டீஸ் கடைசிவரை போகவிட்ட விதத்தை எந்தக் கணக்கு வாத்தியாரும் கற்றுக்கொள்ளலாம்.

தமிழில் இதைப் பற்றி யோசித்தவர்கள் இல்லாமலில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல், வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்று ஆறாகப் பிரிக்கிறது. விடை தெரிந்த ஆசிரியர் மாணவரைக் கேட்பது அறிவினா. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று குழம்பிக் கேட்பது ஐய வினா. நம் வகுப்பறைகளில் ஒலிப்பது முக்கால்வாசி அறிவினாதான். மாணவர் கேட்க வேண்டிய அடுத்த இரண்டும் கேட்பதே இல்லை; கேட்கத் துணிந்த பிள்ளைக்கு ‘அதிகப்பிரசங்கி’ என்று பட்டம் கட்டிவிடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், இந்த ஆறு வகையையும் மாணவர்கள் பரீட்சைக்கு உருப்போடுகிறார்கள். ‘ஐய வினா என்றால் என்ன?’ என்பது மதிப்பெண்ணுக்குரிய கேள்வி. ஐயம் கேட்டால் மதிப்பெண் கிடையாது.

ஆசிரியர் சொல்வதைக் கேட்டு மாணவர் பெறுவது கால் பங்குதான் என்றும் நன்னூல் சொல்கிறது. கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்வதில் மீதி அரை. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் செய்தது ஏறக்குறைய இதைத்தான். ஒரு கேள்வியைப் போட்டு, ஒவ்வொருவரையும் தனியாக விடை தேர்ந்தெடுக்கச் சொல்லி, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுவார். மறுமுறை கேட்கும்போது சரியான விடைகள் கூடியிருக்கும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. விரல்களைக் காட்டச் சொன்னாலே போதும்.

ரோவுக்கு நாடாக்களும் அவற்றை அளக்கும் கருவியும் வேண்டியிருந்தன. ஆசிரியர்களே, உங்கள் பையில் கைபேசி இருக்கிறது. அடுத்த வாரம் ஏதாவது ஒரு பீரியடை ஒலிப்பதிவு செய்து, வீட்டில் தனியாகப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் எத்தனை நொடி காத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். மாணவர் கேட்ட கேள்விகளையும் எண்ணுங்கள். தலைமையாசிரியரிடம் அதைக் காட்ட வேண்டிய அவசியமில்லை.